ஓரம் வெட்டாத அட்டை

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், கலர் பிரிண்ட், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இந்தத் தொழிலில் பாதி வேலை வெட்டுவதுதான். கல்யாணப் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து, "இதுல எங்க மாமாவ மட்டும் தனியா எடுத்துக் குடுங்க" என்பார்கள். மாமாவின் தோளில் யாருடைய கையாவது கிடக்கும். அந்தக் கையை அழித்து, பின்னால் நீலம் பூசி, மாமாவைத் தனி ஆளாக்கிக் கொடுத்துவிடுவேன். கை யாருடையது என்று நான் கேட்டதில்லை. அதைக் கேட்ட ஒரே மனிதர் முசே.

முசே என்றால் பிரெஞ்சில் 'ஐயா'. அதைக் கேட்டதும் பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். மில் தொழிலாளியின் இளைய மகன். பிரெஞ்சில் அவருக்குத் தெரிந்தது நன்றி சொல்கிற 'மெர்சி' ஒன்றுதான், அதையும் டீக்கடையில் மட்டும் சொல்வார். சட்டையை இன் பண்ணி, பளபளவென்று கருப்பு ஷூ போட்டுக்கொண்டு மீன் வாங்கப் போகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெருவே வைத்த பெயர் அது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா கட்டிய சின்ன வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரிந்ததே போஸ்டர் அடிக்கும்போதுதான். அதை இங்கே சொல்லி என்ன ஆகப் போகிறது, அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

முதல் தடவை வந்தபோது என் கையில் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்தார். சீட்டுக்கட்டுச் சீட்டில் பாதி அளவு இருக்கும். பழைய காலத்துக் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவர் மட்டையை ஊன்றிக்கொண்டு சிரிக்கிறார். சின்ன வயதில் பபிள்கம் வாங்கினால் உள்ளே இந்த மாதிரி ஒரு அட்டை இருக்குமாம். பபிள்கம்மின் எண்ணெய்க் கறை இன்னும் அதில் இருந்தது.

"பெருசாக்கிக் குடும்மா" என்றார். நான் வழக்கம்போல முகத்தைப் பெரிதாக்கி எடுத்துக் கொடுத்தேன்.

"மூஞ்சி வாணாம்மா. மூஞ்சி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. ஓரம். இந்த வலது பக்கத்து ஓரம்."

அந்த ஓரத்தில் ஒரு நூல் அகலத்துக்கு வேறு ஏதோ நிறம் ஒட்டிக்கொண்டிருந்தது. அட்டையை வெட்டினவன் கோணலாக வெட்டியிருக்கிறான், அவ்வளவுதான். அதை ஏ-ஃபோர் தாள் அளவுக்குப் பெரிதாக்கி எடுத்தேன். ஒரு நீலப் பட்டையும் அதில் பழுப்பாக ஒரு வளைவும் தெரிந்தன. முசே அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "காது" என்றார். "பக்கத்துல யாருன்னு பாக்கணும்."

பைத்தியம் என்றுதான் நினைத்தேன். எங்கள் சந்துக்கு அது ஒன்றும் புதிதல்ல. ஆனால் அவர் மறு வாரமும் வந்தார், அதற்கு மறு வாரமும் வந்தார், ஒவ்வொரு முறையும் ஓரம்தான். ஒருநாள் நானே பொறுக்க முடியாமல் கேட்டேன், இது என்ன கதை என்று. பக்கத்துப் பேக்கரியிலிருந்து வந்த பர்பிப் பெட்டி என் மேஜையில் திறந்து கிடந்தது. அதைக் காட்டிச் சொன்னார்.

"பர்பிய எப்பிடிம்மா பண்றான்? ஒண்ணொண்ணா பண்றானா? தட்டுல மொத்தமா ஊத்தி அப்பால வெட்டுறான். தட்டுல ஒரு கீறல் வுழுந்துச்சுன்னா இந்தத் துண்டுல பாதி, அந்தத் துண்டுல பாதி இருக்கும். ரெண்டையும் ஒண்ணா வெச்சா கீறல் சேந்துக்கும். இது ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்துதுன்னு தெரிஞ்சிடும். அட்டையும் அப்பிடித்தான். ஒரே பெரிய தாள்ல முப்பத்தாறு பேர அச்சடிச்சு அப்பால வெட்டியிருக்கான். அந்தத் தாள நான் திரும்ப அடுக்குறேன்."

அச்சு மோசமாக இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. ஒருவருடைய சட்டையில் ஒரு நீலக் கீறல் தொடங்கும், இன்னொருவருடைய தொப்பியில் அதே உயரத்தில் தொடரும். ஒரு சிவப்பு மைப்பொட்டு பாதி ஒருவர் முழங்கையிலும் மீதி அடுத்தவர் மட்டையிலும் இருக்கும். கோணலாக வெட்டுப்பட்ட அட்டையில் பக்கத்து ஆளின் காது, அதற்கும் அடுத்த அட்டையில் இன்னொருவரின் முழங்கால். நல்ல அட்டை எதுவும் அவருக்கு உதவாது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய புத்தகங்களும் நாணயங்களும் விற்கிறவர்களிடம் போய், "கெட்டுப்போனது எதனா இருக்குதா" என்று கேட்பாராம். அவர்கள் சந்தோஷமாக எடுத்துக் கொடுப்பார்களாம்.

அவர் வேலை பார்த்தது சேதராப்பட்டில், ஒரு சட்டைக் கம்பெனியின் கட்டிங் பிரிவில். துணியை அடுக்கடுக்காக விரித்து, கை, காலர், முதுகு என்று நெருக்கி வரைந்து வெட்டுகிற இடம். அங்கே பழகின கண் என்று நினைத்துக்கொள்வேன். கடைக்கு வருகிறவன் சட்டையைப் பார்த்து, "தம்பி, இந்தக் கை இந்த ஒடம்போடது இல்ல, வேற துணியில வெட்னது" என்பார். நான் பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். அந்தத் தம்பி அன்று முழுக்கத் தன் கையையே பார்த்துக்கொண்டு நடப்பான். யாருக்கு என்ன லாபம் அதில்? கேட்டால், "உள்ளதச் சொன்னேன்" என்பார். உள்ளதைச் சொல்வதில் அவருக்கு இருந்த ஆசை எனக்குச் சில சமயம் எரிச்சலாக இருக்கும்.

எரிச்சல் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒருநாள் ஒரு பெண் வந்தாள். வேலைக்கு மனுப் போட அவசரமாகப் போட்டோ வேண்டும், கையில் இருப்பது ஒரு குரூப் போட்டோதான், அதிலிருந்து தன் முகத்தை எடுத்துத் தரச் சொன்னாள். நான் கம்ப்யூட்டரில் அவளைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த முசே எட்டிப் பார்த்து, "பக்கத்துல யாரும்மா?" என்றார். அவள் பணத்தை எண்ணத் தொடங்கினாள். "தோள்ல கை போட்டுகினு இருக்காரே" என்றார் மறுபடியும். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. போட்டோவை வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை வாங்காமலே போய்விட்டாள்.

"உங்களுக்கு என்ன வந்துது முசே? அவ யாரயாவது வெட்டிட்டுப் போறா" என்று சத்தம் போட்டேன். வியாபாரம் கெட்டதில் எனக்குக் கோபம்தான்.

அவர் ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தப்புதாம்மா" என்றார். பிறகு, "ஆனா அந்தக் கை அங்க இருந்துதே" என்றார்.

அந்தத் தாள் அவருக்கு எதற்கு என்று சொன்னது அன்றைக்குத்தான். திட்டு வாங்கின பிறகுதான் சில பேருக்கு வாய் திறக்கும்.

அவருக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். பபிள்கம் காகிதத்தின் உட்பக்கத்தில் முப்பத்தாறு ஆட்டக்காரர்களின் பெயரும் அச்சடித்திருக்கும். முப்பத்தாறு அட்டையையும் சேர்த்துக் கடையில் கொடுத்தால் ஒரு கிரிக்கெட் மட்டை இனாம். முத்தியால்பேட்டையில் இருந்த பையன்களெல்லாம் தின்று தாடை வலித்ததுதான் மிச்சம். முப்பத்தைந்து பேர் கிடைத்தார்கள், விக்கெட் கீப்பர் மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. ஒருநாள் அண்ணன் ஓடி வந்து, கீப்பர் கிடைத்துவிட்டது என்றார். யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் பிடுங்கிவிடுவார்கள் என்று வீட்டில் அப்பாவின் மில் சட்டைப் பையில் ஒளித்து வைத்து, தம்பியைக் காவல் வைத்துவிட்டு மற்ற அட்டைகளை எடுக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் பையில் அட்டை இல்லை. நீதான் தொலைத்தாய் என்று தம்பியை அடித்தார். தம்பி தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான்: "கீப்பர் அட்டையே கிடையாது. ஊர்ல ஒருத்தன் பாத்திருக்கானா? இவன் புளுகுறான்."

அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. அண்ணனுக்குத் தெருவில் புளுகு என்றே பெயராகிவிட்டது. வளர்ந்து, மீசை வைத்து, அரியாங்குப்பத்தில் பெண் எடுத்து அங்கேயே குடிபோன பிறகும், "புளுகு வந்திருக்கான் பாரு" என்றுதான் இங்கே சொல்வார்கள்.

"அதோட வுட்டிருக்கலாம்" என்றார் முசே.

விடவில்லை. அவர்களுடைய அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தபோது உறவெல்லாம் கூடியிருந்தது. எங்கள் பக்கத்தில் தாய்க்குக் காரியம் செய்வது கடைசி மகன். முசே நகரத்திலேயே தகனத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். நல்ல மழை வேறு. அப்போது அண்ணன் சொன்னார்: "எரிக்க வேணாம்டா. அப்பாவ பொதச்ச எடத்துல, அவர் பக்கத்துலயே என்னயும் வெச்சிடுங்கன்னு அம்மா எங்கிட்ட சொன்னாங்க." எப்போது சொன்னார்கள் என்று யாரோ கேட்டார்கள். நேற்றுச் சாயங்காலம், நான் மட்டும் இருந்தபோது, என்றார் அண்ணன்.

"நான் எல்லார் எதுருலயும் கேட்டேம்மா. 'இதுவும் உன் கீப்பரு அட்ட மாதிரிதான?'ன்னு. சாவு வூட்ல ரெண்டு பேரு சிரிச்சிட்டாங்க. அண்ணன் பாடையத் தூக்குனாரு, வந்தாரு, பூட்டாரு. அதுக்கப்பறம் எங்கிட்ட பேசல."

அம்மாவை எரித்துவிட்டார்கள். அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம், தன் சொந்த ஊரான அரியாங்குப்பத்தில், தனியாகக் கிடக்கிறார். ஒரு மனிதன் ராத்திரி கண்ணை மூடினால் இதுதானே முன்னால் வந்து நிற்கும்? அந்த அட்டை அச்சடிக்கப்படவே இல்லை என்று தெரிந்துவிட்டால் அண்ணன் அன்றைக்கும் புளுகினார், ஆஸ்பத்திரியிலும் புளுகியிருப்பார், அம்மாவுக்குச் செய்ததில் தவறில்லை. அச்சடித்திருந்தால் என்ன என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் துணிவு வரவில்லை. அன்று முதல் அந்தத் தாள் எனக்கும் வேண்டியதாகிவிட்டது. அவர் பக்கம்தான் ஜெயிக்க வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

கடைச் சுவரில், காலண்டர்களைத் திருப்பி ஒட்டி, ஆறுக்கு ஆறாகக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு ஆளுக்கும் இடம் உறுதியானதும் அவரைப் பெரிதாக்கி அங்கே ஒட்டுவார். வாடிக்கையாளர்கள் கோவில் படம் பார்ப்பது போல நின்று பார்ப்பார்கள். எல்லோரும் கேட்பது, இதில் நல்ல ஆட்டக்காரர் யார் என்று. அவருக்கு அது தெரியாது. கிரிக்கெட்டை அவர் பார்த்தே நான் கண்டதில்லை.

முப்பத்தைந்து கட்டம் நிரம்பிவிட்டது. கடைசி வரிசையில் இடது பக்கத்திலிருந்து இரண்டாவது கட்டம் மட்டும் காலி. அப்போதுதான் அவர் தன் துருப்புச் சீட்டை எடுத்தார். கேப்டனுடைய அட்டைகள் நிறைய வைத்திருந்தார். சிலவற்றில் கேப்டன் தோளில் நீலக் கீறல் உண்டு, சிலவற்றில் இல்லை.

"ஒரே எடத்துல அச்சாயிருந்தா கீறல் எல்லாத்துலயும் இருக்கணுமா இல்லியா? கீறல் இல்லாத கேப்டன் வேற கட்டத்துல இருந்தவரு. கேப்டன ரெண்டு தரம் போட்டிருக்கான் படவா. கீப்பரப் போடவே இல்ல. மட்டை குடுக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் பண்ண வேல."

எனக்குக்கூடப் புரிந்தது. சமோசா வாங்கி வரச் சொல்லி இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் டீக்கடைக்காரரிடம் இரண்டு முறை மெர்சி சொன்னார். காலிக் கட்டத்தில் இரண்டாவது கேப்டனை ஒட்டவில்லையா என்று கேட்டேன். "ஓரம் ஒண்ணு கெடைக்கட்டும். பக்கத்து ஆளு சாட்சி சொல்லட்டும், அப்பால ஒட்டிக்கலாம்" என்றார். இவ்வளவு தெரிந்த பிறகும் என்ன சாட்சி? அந்தப் பிடிவாதம்தான் முசே. அதை விட்டால் அவரிடம் வேறு எதுவும் இல்லை என்றுகூடச் சொல்வேன்.

சாட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சந்தையில் பழைய தபால்தலை விற்கிறவர் ஒரு டப்பாவின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். காலிக் கட்டத்துக்கு வலது பக்கத்து ஆள், தாடி வைத்த சுழற்பந்துக்காரர். வெட்டினவன் அன்று தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்க வேண்டும். தாடிக்காரரின் ஒரு தோளைக் காணோம், அதற்குப் பதிலாக இடது ஓரத்தில் சுண்டுவிரல் நக அகலத்துக்குப் பக்கத்து ஆள் வந்திருந்தார். திங்கட்கிழமை நான் கடையைத் திறப்பதற்கு முன்பே முசே படியில் நின்றிருந்தார்.

பெரிதாக்கினேன். பச்சையாக ஏதோ தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினேன். தடித் தடியாக மூன்று பச்சை விரல்கள், விரலின் உட்பக்கம் கருப்புப் புள்ளிகள். விக்கெட் கீப்பர் போடுகிற கையுறை. கேப்டன் படத்தில் கேப்டன் வெறுங்கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

முசே ஸ்டூலில் உட்கார்ந்தார். பையிலிருந்த மற்ற அட்டைகளைக் கொட்டி, கீறல் ஓடும் வரிசையில் இருந்தவர்களையெல்லாம் தேடி எடுத்தார். கேப்டனுக்குப் பக்கத்து ஆளிலும் கீறல் உள்ளது, இல்லாதது என இரண்டு வகை இருந்தது. அதற்கடுத்த ஆளிலும் அப்படியே. கீறல் இல்லாதது எதற்கும் உதவாது என்று அவர் பார்க்காமலே ஒதுக்கி வைத்திருந்தவை.

"கீறல் பாதியில வுழுந்திருக்கும்மா. முன்னாடி அடிச்ச தாள்ல இல்ல, பின்னாடி அடிச்சதுல இருக்கு. ஒரே கேப்டன்தான். நான்தான் ரெண்டாளா ஆக்கிட்டேன். கீப்பரயும் அடிச்சிட்டு, வெட்னப்பறம் ஒதுக்கி வெச்சிருக்கான், ஒண்ணு ரெண்டு தப்பி வெளிய வந்திருக்கும்" என்றார்.

என் மேஜையில் பேப்பர் வெட்டுகிற கட்டர் இருக்கிறது. கைப்பிடியை ஓர் அழுத்து அழுத்தினால் போதும். அவர் கண் அதன் மேல் போனதைப் பார்த்தேன். என் கண்ணும் அங்கேதான் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பச்சை விரல்கள் மேல் ஆத்திரமாக வந்தது. எங்கேயோ டப்பாவின் அடியில் கிடந்த அழுக்கு அட்டை இத்தனை வருடம் கழித்து எதற்கு வர வேண்டும்?

"ஓரம்தான முசே. வெட்டிட்டா தாடிக்காரன் மட்டும் இருப்பான். யாரும் வந்து கேக்கப் போறதில்ல" என்றேன்.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பக்கத்துல இருக்கறவன வெட்டிட்டா அவன் இல்லன்னு ஆயிடுமாம்மா? அதத்தான நான் பண்ணிகினு இருந்தேன்" என்றார். பிறகு, "நீ வூட்டுக்குப் போற வழிதான அரியாங்குப்பம். சாயங்காலம் என்னயும் இட்டுகினு போ" என்றார்.

சுவரில் இருந்த தாளைப் பிய்க்காமல் உரித்துச் சுருட்டினோம். என் ஸ்கூட்டியின் பின்னால் அதை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். பாலம் ஏறும்போது காற்றில் அது பறந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

அண்ணன் வீட்டில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி கதவைத் திறந்து, யாரென்று பார்த்து, கொஞ்சம் தாமதித்து "வாங்க" என்றார். உள்ளே அண்ணன் லுங்கியும் பனியனுமாக நாற்காலியில் இருந்தார். அதே மூக்கு, அதே காது. திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் டீவியைப் பார்த்தார். முசே உட்காரவில்லை. ஷூவை வாசலில் கழற்றிவிட்டு வெறும் காலோடு நின்றார். வெறும் காலோடு அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சின்னப் பாதங்கள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கீப்பரு கையில க்ளவுஸ் இன்னா கலரு?"

சுருட்டின தாள் என் கையில்தான் இருந்தது. ஏன் முதலில் அதைக் காட்டாமல் கேட்கிறார் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. அச்சடித்தார்கள் என்றுதான் தாள் சொல்கிறது. அண்ணன் கையில் இருந்ததா என்று அது சொல்லாது. அங்கேயும் அவருக்குச் சாட்சி வேண்டியிருந்தது.

அண்ணன் டீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பச்ச" என்றார். "எல்லாம் வெள்ளையோ காக்கியோ போடுவான், இவன் பச்ச போட்டுகினு இருந்தான். உள்ள கருப்பா புள்ளி புள்ளியா இருக்கும்."

முசே என் கையிலிருந்து தாளை வாங்கித் தரையில் விரித்தார். பையிலிருந்து தாடிக்காரரின் பெரிதாக்கின படத்தை எடுத்து அவருடைய கட்டத்தின் மேல் வைத்தார். காலிக் கட்டத்தின் விளிம்பில் மூன்று பச்சை விரல்கள் எட்டிப் பார்த்தன. அண்ணன் முதலில் நாற்காலியிலிருந்தே பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி தரையில் இறங்கினார். அந்த ஓரத்தைத் தொடப் போய்த் தொடாமல் விரலை எடுத்துக்கொண்டார்.

"இவன்தான்" என்றார்.

"நான்தாண்ணே தொலைச்சிருக்கணும்" என்றார் முசே.

"நீ தொலைச்சியோ, அப்பா அந்தச் சட்டய மாட்டிகினு மில்லுக்குப் போனாரோ, யாருக்குத் தெரியும்? அடிச்சேன், அதோட ஆச்சு. தொலைச்சதுக்கா இத்தினி வருசம் பேசாம இருந்தேன்? இல்லவே இல்லன்னியே. எங்கண்ணால பாத்தத இல்லன்னே. எங்காதால கேட்டதயும் இல்லன்னே."

"ஆமாண்ணே."

"அம்மா எங்கைய புடிச்சிகினு சொன்னாங்கடா."

முசே அழுதார். சத்தமெல்லாம் இல்லை, இன் பண்ணின சட்டை குலுங்கியது. "அம்மாவ இனிமே எடுத்தாந்து வெக்க முடியாதேண்ணே" என்றார்.

"முடியாது" என்றார் அண்ணன். ஆறுதலாக எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கே அந்தக் குணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி டீ கொண்டு வந்து வைத்தார். தாளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டீயைக் குடித்து முடித்து அண்ணன்தான் பேசினார். "அங்க ஏண்டா குந்திகினு இருக்கிற, ஃபேன் காத்து வராது. இப்பிடி வா."

முசே எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்தேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அண்ணனுடைய பனியன் தோள் தம்பியின் வெள்ளைச் சட்டையில் இடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சந்தைக்குப் போகவில்லை, பஸ் பிடித்து அரியாங்குப்பம் போனார். என் கடைக்கும் வருவது குறைந்துவிட்டது. வந்தால் பழையபடி ஸ்டூலில் உட்கார்ந்து, நான் வெட்டுகிற போட்டோவை எட்டிப் பார்ப்பார். பக்கத்தில் யார் என்று கேட்கமாட்டார், கேட்க வந்து வாயை மூடிக்கொள்வார். அது எனக்குப் பிடிக்கவில்லை, கேட்டாலே தேவலை என்றிருந்தது.

போன வருடம் மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தி கேட்டு நான் கடையைப் பூட்டப் போனபோது அண்ணனே வந்து படியேறினார். மூச்சு வாங்கினார்.

"அஞ்சலி போஸ்டர் அடிக்கணும்மா. அன்னிக்கி நீ எடுத்தியே, அந்தப் போட்டோவ போடு. அதுதான் நல்லா இருக்கு" என்றார். பிறகு, "சாயங்காலம் எடுக்கறோம். அப்பா பக்கத்துலதான் வெக்கறோம்" என்றார்.

கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தேன். கை தானாகப் போய் முசேயைச் சுற்றிக் கோடு போட்டது. அவருடைய இடது பக்கத்தில் அண்ணனுடைய தோள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அழிக்கப் போனேன்.

"வெட்டாத" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே, இது செத்தவங்களுக்கு ஒட்டற போஸ்டரு. உயிரோட இருக்கறவங்க அதுல இருக்கக் கூடாது. யாரும் வெக்க மாட்டாங்க, ஆவாது. உங்க வூட்ல பாத்தா என்னைத்தான் திட்டுவாங்க."

"முழுசா வாணாம்மா. இவ்ளோ வுடு, போதும்" என்று திரையில் விரலை வைத்துக் காட்டினார். சுண்டுவிரல் நக அகலம்தான் இருக்கும். "அவனுக்கு ஓரம் வெட்டனா புடிக்காது."

அவர் சொன்ன அளவுக்கே விட்டேன். பனியன் போட்ட தோள், அதில் கொஞ்சம் கழுத்து. என் தொழிலில் இத்தனை வருடத்தில் அப்படி ஒரு போஸ்டர் நான் அடித்ததில்லை. அடிக்கும்போது கண்ணீர் மறைத்தது, மெஷினை நிறுத்திவிட்டுத் துடைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே பாலத்துக்கு இந்தப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் வண்டியை ஓரம் கட்டி நின்று பார்த்தேன். அங்கே பூ விற்கிற அம்மாவும் தொடுப்பதை நிறுத்திவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செத்தவர் யார், எந்த ஊர் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"யாரும்மா அது, அவரு பக்கத்துல?" என்றார்.

"அவரோட அண்ணன்" என்றேன்.